சட்டப்படி மகிழ்ந்தவர்

வீட்டிலேயே விமானம் செய்துகொள்வதைச் சட்டம் தடுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான்: செய்கிறவர் அதைக் கல்விக்காகவும் களிப்புக்காகவும் செய்திருக்க வேண்டும். லாபத்துக்காகச் செய்தால் குற்றம். வேறு வேலை இல்லாமல் செய்தால் சந்தேகம். கல்வியையும் களிப்பையும் ஒரே வரியில் சேர்த்து எழுதிய அந்தப் புண்ணியவான், பள்ளிக்கூடத்தில் சந்தோஷமாக இருந்த அபூர்வப் பிறவியாகத்தான் இருக்க வேண்டும்.

ஆர்லின் ஹாக்ஸ்டாட் அப்படிப்பட்டவர் அல்ல. வடக்கு விஸ்கான்சினில் எல்க் ஹாலோ ஊரின் உயர்நிலைப் பள்ளியில் வாத்தியக் குழுவை நடத்தி ஓய்வு பெற்றவர். விடலைப் பையன்கள் டிராம்போன் ஊதுவதைப் பக்கத்திலிருந்து ஆயுள் முழுக்கக் கேட்டவருக்கு விமான எஞ்சின் ஒரு பொருட்டில்லை. அவரும், டிராக்டர் விற்கும் நண்பர் டுவேன் குபிசெக்கும் சேர்ந்து, ஆர்லினின் கராஜில் குளிர்காலம் குளிர்காலமாக உட்கார்ந்து இரண்டு பேர் போகக்கூடிய அலுமினிய விமானம் ஒன்றைச் செய்தார்கள். கார் வெளியே பனியில் புதைந்து கிடந்தது. இடது இறக்கை சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டதால், நன்றி தெரிவிக்கும் நாளின் வான்கோழியைக் குடும்பமே மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டது.

ஆர்லினின் மனைவி வெர்னா இத்தனையையும் சகித்ததற்குக் காரணம் உண்டு. அவளுடைய அக்கா லோயிஸ், சுப்பீரியர் ஏரிக்கு அந்தக் கரையில் முதியோர் இல்லத்தில் இருந்தாள். ஏரியைச் சுற்றிக் காரில் போனால் ஒரு முழுப் பகல். வெர்னாவின் இடுப்பு எலும்பு அதற்கு ஒத்துக்கொள்ளாது. விமானத்தில் என்றால் குடுவையில் ஊற்றிய காபி ஆறுவதற்குள் அக்கரை. லோயிஸ் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்களை மறந்துகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் போனார்கள், பிறகு பேரப் பிள்ளைகள் போனார்கள். தங்கையின் பெயர் மட்டும் இன்னும் மிச்சம் இருந்தது.

"அவளுக்கு நான் யாருன்னு தெரியறப்பவே கூட்டிட்டுப் போயிடு ஆர்லின்," என்பாள் வெர்னா.

"போயிடலாம்," என்பார் அவர், தகடுகளை இணைக்கும் ரிவிட் ஆணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விமானம் முடிந்தது. அப்போதுதான் சட்டத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்கள். ஒவ்வொரு வருஷமும் விமானம் நல்ல நிலையில் இருக்கிறது என்று ஒருவர் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கான சான்றிதழை விமானத்தைச் செய்தவரே வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரே ஒருவர்தான். இரண்டு பேர் சேர்ந்து பிள்ளை பெறலாம், வங்கியைக் கூடக் கொள்ளையடிக்கலாம். ஒரு விமானத்தைச் செய்திருக்க முடியாது.

வாரா வாரம் போல வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு உணவகத்தில் உட்கார்ந்தபோது இருவரும் பேசி முடித்தார்கள்.

"இதுல யோசிக்க என்னடா இருக்கு?" என்றார் டுவேன், முட்டைக்கோஸ் கலவையை ஓரமாகத் தள்ளிவிட்டு. "உன் கராஜ், உன் பொண்டாட்டியோட மேசை. முக்காவாசி ரிவிட்டு நீ அடிச்சது. நீதான் செஞ்சவன். நான் பக்கத்துல நின்னு கை தட்டறேன்."

"உனக்கு வருத்தமில்லையே?"

"எனக்கா? போடா."

வட்டார வானூர்தி அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் பிரஸ்டன் கால்டர்வுட் வந்தார். ஃபுளோரிடாவிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். மே மாதத்திலும் கையுறை போட்டிருந்தார். எஞ்சின் மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள். அந்தப் பக்கமே அவர் போகவில்லை. பையிலிருந்து அளவுகோலை எடுத்து, கதவோரம் எழுதியிருந்த 'சோதனை விமானம்' என்ற எழுத்துகளின் உயரத்தை ஒவ்வொன்றாக அளந்தார். பிறகு பயணி உட்காரும் இடத்துக்கு முன்னால் ஒட்டியிருந்த அறிவிப்பை நிதானமாகப் படித்தார். இந்த விமானம் அரசின் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதல்ல என்று அது பயணியை எச்சரித்தது.

"அருமை," என்றார். "இவ்வளவு தெளிவா ஒட்டியிருக்கற விமானத்தை நான் பார்த்ததில்ல. இது ரொம்ப பத்திரமான விமானம்."

பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து படிவத்தை விரித்தார்.

"முதல்ல கல்வி. மிஸ்டர் ஹாக்ஸ்டாட், என்ன கத்துக்கிட்டீங்க?"

"அலுமினியத்துல ஒரு தடவை தப்பா ஓட்டை போட்டா அது மன்னிக்காதுன்னு கத்துக்கிட்டேன்."

"நல்லது." எழுதிக்கொண்டார். "அடுத்தது களிப்பு. இதைச் செஞ்சப்ப நீங்க சந்தோஷமா இருந்தீங்களா?"

நார்வேயிலிருந்து வந்து குடியேறிய, ஆர்லினுடையது போன்ற அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் ஒரு ஆளைப் பார்த்து நீ சந்தோஷமாக இருக்கிறாயா என்று கேட்பதும், உள்ளே என்ன நிறத்தில் போட்டிருக்கிறாய் என்று கேட்பதும் ஒன்றுதான். ஆர்லின் தன் கல்யாணத்தன்று, எப்படி இருக்கிறது என்று கேட்ட பாதிரியாரிடம் 'மோசமில்லை' என்று சொல்லியிருந்தார். அதைக் கேட்டு வெர்னாவின் அம்மா நெகிழ்ந்து அழுதாள். மகள் பிறந்தபோது 'இதைவிட மோசமாகவும் ஆகியிருக்கலாம்' என்றார். இவ்வளவு உணர்ச்சிவசப்படுகிறவரா என்று ஊரே பேசியது.

இப்போது அவர் தன் காலணியைப் பார்த்தார். கழுத்து சிவந்தது. "மோசமில்ல," என்றார்.

கால்டர்வுட்டின் பேனா நின்றது. "மோசமில்லன்னா?"

"அதாவது... இதைவிட மோசமா இருந்திருக்கலாம்." இவ்வளவு பீற்றிக்கொண்டதற்கு ஆர்லினுக்கே கூச்சமாகிவிட்டது.

ஆய்வாளர் டுவேனிடம் திரும்பினார். "நீங்க இவர் கூடவே இருந்திருக்கீங்க. இவர் என்ன சொல்ல வர்றாரு?"

டுவேனுக்குத் தெரியும். கடைசி ரிவிட்டை அடித்த அன்று, முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ஆர்லின் கோட்டு கூடப் போடாமல் பனிக்குள் போய் நின்றதை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். ஒரு வார்த்தை போதும். டுவேன் வாயைத் திறந்தார். அப்போது படிவத்தில் 'செய்தவர்' என்ற கட்டம் காலியாக இருப்பது அவர் கண்ணில் பட்டது. ஒரு நிமிஷம் அதையே பார்த்தார்.

"அவர் சொன்னதுதான் சார் அர்த்தம்," என்றார். "பாவம், மனசுக்குப் பிடிக்காமதான் செஞ்சாரு."

"நீங்க?"

"நான் இந்த கராஜ்ல ஒரு நாள் கூட சிரிக்காம இருந்ததில்ல சார்."

அது உண்மை. அவர் பெரும்பாலும் பீர் போத்தலோடு அந்த ஸ்டூலில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

கால்டர்வுட் எழுந்து நின்று பேசினார். தீர்ப்பு சொல்லும்போது அவர் உட்காருவதில்லை.

"எனக்கும் மனசு இருக்கு மிஸ்டர் ஹாக்ஸ்டாட். ஆனா சந்தோஷமில்லாம வேலை செஞ்சவரைச் சட்டம் 'செய்தவர்'னு சொல்லாது, வேலைக்காரர்னுதான் சொல்லும். அதுவும் சம்பளம் வாங்காத வேலைக்காரர். அது இன்னொரு இலாகாவோட சட்டத்துல குற்றம். உங்களுக்காக நான் அதைப் பார்க்காத மாதிரி இருந்துக்கறேன். நன்றியெல்லாம் வேண்டாம்."

இப்படியாக விமானத்தின் உரிமையாளர் ஆர்லின் என்றும், அதைச் செய்தவர் டுவேன் என்றும் பதிவாயிற்று.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆர்லின் மீனைத் தொடவில்லை.

"என்னடா மூஞ்சிய தூக்கி வெச்சிருக்க?" என்றார் டுவேன். "நான் என்ன பொய்யா சொன்னேன்? நீ சொன்னதைத்தானே சொன்னேன்."

"நான் சொன்னதுக்கு என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா? வெளியூர்க்காரன்கிட்ட பாடமா நடத்த முடியும்? விடுடா. பேர் யாரோடதா இருந்தா என்ன? வருஷா வருஷம் நான் வந்து கையெழுத்து போட்டுட்டுப் போறேன். உன் மீனை நீ சாப்பிடப் போறியா இல்லையா?"

முதல் கோடை முழுக்கச் சோதனைப் பறத்தல். பயணியை ஏற்றக் கூடாது, சோள வயல்களுக்கு மேலே தனியாகச் சுற்ற வேண்டும். ஆர்லின் சுற்றினார். வெர்னா பின்வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பாள். சோதனை முடிவதற்குள் ஏரியில் மூடுபனி இறங்கிவிட்டது, அதன் பின்னால் பனிக்காலம் வந்தது. வசந்தத்தில் போய்விடலாம் என்றார்கள். லோயிஸ் தொலைபேசியில் வெர்னாவை ஒரு முறை 'அம்மா' என்று கூப்பிட்டாள். உடனே திருத்திக்கொண்டாள்.

அந்தப் பனிக்காலத்தில் டுவேன் வளர்ந்தார். மகிழ்ச்சியைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசத் தெரிந்த ஆளைக் கால்டர்வுட் அதுவரை அந்த மாகாணத்தில் சந்தித்ததில்லை. அலுவலகம் அவரைக் 'களிப்பு ஆலோசகர்' ஆக்கியது. நெஞ்சில் இறக்கை தைத்த நீலக் கோட்டு கொடுத்தார்கள். விமானம் செய்கிறவர்கள் மாதம் ஒரு முறை கூடிச் சாப்பிடும் பான்கேக் விருந்தில் அவர் எழுந்து பேசினார்.

"நண்பர்களே, ரிவிட்டு தளர்ந்தா மாத்திக்கலாம். மனசு தளர்ந்தா? வானத்துல பறக்கறது விமானம் இல்ல, செஞ்சவனோட சிரிப்பு. அந்தச் சிரிப்பு உண்மைதானான்னு பார்க்கத்தான் என்னை மாதிரி ஒருத்தர் வேணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். தட்டாதவர்களின் பெயரை டுவேன் குறித்துக்கொண்டார்.

அதன் பிறகு அவருடைய வண்டி சாலையில் திரும்பும் சத்தம் கேட்டால் ஊர் கராஜ்களில் பாட்டு கிளம்பியது. பால்பண்ணைக்காரர் ஒருவர், டுவேன் வரும்போதெல்லாம் சீட்டியடித்துக்கொண்டே ரிவிட் அடித்துப் பழகி, கடைசியில் மாட்டுக் கொட்டகையிலும் அதை நிறுத்த முடியாமல் தவித்தார்; மிரண்ட மாடுகள் பாலைக் குறைத்துக்கொண்டன. புருஷன் பாதியில் விட்டுப்போன விமானத்தை முடித்துக்கொண்டிருந்த ஒரு விதவைக்கு, வேலைக்கு நடுவில் கண்ணைத் துடைத்ததற்காக, கலகலப்பாக ஆவதற்குக் கெடு விதிக்கப்பட்டது. கண்ணீர் பட்டால் அலுமினியம் துருப்பிடிக்கும் என்று டுவேன் அறிக்கையில் எழுதினார். அலுமினியம் துருப்பிடிக்காது என்று அவரிடம் சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

வசந்தம் வந்தது. வருடாந்திரச் சோதனைக்கு நாள் வந்துவிட்டது. ஆர்லின் எண்ணெய் மாற்றினார், பிளக்குகளைத் துடைத்தார், கம்பிகளை இழுத்துப் பார்த்தார். இதற்கெல்லாம் அனுமதி தேவையில்லை. வீட்டில் செய்த விமானத்தை யார் வேண்டுமானாலும் பழுதுபார்க்கலாம். ஸ்பேனர் பிடிக்க முடிந்தால் பக்கத்து வயல் பசு மாடு கூடப் பார்க்கலாம். பார்த்துவிட்டு 'சரியாக இருக்கிறது' என்று சொல்லத்தான் சான்றிதழ் வேண்டும்.

டுவேன் நீலக் கோட்டில் வந்தார். விமானத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் இப்ப கையெழுத்து போட முடியாதுடா."

"ஏன்?"

"நான் ஆலோசகர். நண்பனோட விமானத்துக்குக் கையெழுத்து போட்டா பாரபட்சம்னு ஆயிடும். என் பதவிக்கு ஒரு மரியாதை இருக்கில்ல?"

"நீ செஞ்ச விமானம்னு உன் பேர்லதானடா பதிவாயிருக்கு?"

"அது வேற. அப்ப நான் சாதாரண ஆளு." டுவேன் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. நாம நண்பர்கள் இல்லைன்னு நீ ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்துடு. நான் உடனே போட்டுடறேன். நமக்குள்ள இருக்கட்டும்."

பெருந்தொழிற்சாலை விமானங்களைப் பார்க்கும் உரிமம் பெற்ற மெக்கானிக் ஒருவர் பக்கத்து ஊரில் இருந்தார். அவரும் சட்டப்படி கையெழுத்துப் போடலாம். ஆர்லின் அவரிடம் போய்க் கேட்டார்.

"வீட்டுல செஞ்சதா? வேண்டாம் சாமி," என்றார் அந்த மெக்கானிக். "நான் தொட்டேன்னு தெரிஞ்சா என் காப்பீட்டுக் கம்பெனி என்னைத் தொடாது."

வீட்டுக்கு வந்து ஆர்லின் வாக்குமூலத்தை எழுத உட்கார்ந்தார்.

"அவன்கிட்ட கெஞ்சறியா?" என்றாள் வெர்னா.

"கெஞ்சல. நாங்க நண்பர்கள் இல்லைன்னு எழுதறேன்."

"அதை எழுத உனக்குக் கஷ்டமா இல்லையா?"

"போன வருஷம்னா கஷ்டமா இருந்திருக்கும்."

வாக்குமூலத்தைச் சரிபார்க்கக் கால்டர்வுட் நேரில் வந்தார். அக்கம்பக்கத்தில் விசாரித்தார். ஜனவரியில் டுவேன் வீட்டு வாசலில் பனி மூடியபோது ஆர்லின் தன் பனி ஊதும் எந்திரத்தை இரவல் கொடுத்திருந்தது வெளியே வந்தது.

"நண்பரில்லாத ஒருத்தருக்கு யாரு மிஸ்டர் ஹாக்ஸ்டாட் பனி ஊதும் எந்திரம் கொடுப்பாங்க?"

"கேட்டாரு, கொடுத்தேன். பனி விழுந்தா இங்க எல்லாரும் கொடுப்போம்."

"எல்லாருக்கும் நண்பர்னு ஒத்துக்கறீங்க. குறிச்சுக்கறேன்." வாக்குமூலம் நிராகரிக்கப்பட்டது. ஆர்லின் ஹாக்ஸ்டாட்டும் டுவேன் குபிசெக்கும் நெருங்கிய நண்பர்களே என்று அலுவலகம் முத்திரையிட்டுத் தீர்மானித்தது.

ஆர்லின் மேல்முறையீடு செய்தார். அலுவலகத்துக்குப் போனபோது, மேல்முறையீட்டைக் கேட்பவரும் கால்டர்வுட்தான் என்று தெரிந்தது. நாற்காலி மட்டும் வேறு.

"சார், என் மனைவியோட அக்காவுக்கு நினைவு போயிட்டிருக்கு. விமானம் நல்லாதான் இருக்கு. நீங்களே வந்து ஒரு தடவை எஞ்சினைப் பார்த்துடுங்களேன்."

"நானா?" கால்டர்வுட் பதறிப்போனார். "நீங்க எங்க வேலையைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. விமானம் நல்லா இருக்கான்னு பார்க்கறது எங்க வேலை இல்ல. நல்லா இருந்ததுன்னு சொன்னவங்க நாங்க இல்லைங்கறதைப் பார்த்துக்கறதுதான் எங்க வேலை. முப்பது வருஷமா இந்த அலுவலகத்துல ஒரு எஞ்சின் மூடி கூட திறக்கல. அதனாலதான் எங்க மேல ஒரு புகார் கூட கிடையாது."

"அப்ப அந்த விமானத்தை நான் என்னதான் செய்யலாம்?"

"என்ன வேணாலும் செய்யலாமே! பழுது பார்க்கலாம், பெயிண்ட் அடிக்கலாம், பிரிக்கலாம். உங்க சொத்து."

ஆர்லின் நாற்காலி நுனிக்கு வந்தார். "இதையே முழுசாப் பிரிச்சு, நானே மறுபடி செஞ்சா? அப்ப செஞ்சவர் நான்தானே?"

கால்டர்வுட் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "கூடாதுன்னு எங்கயும் போடல," என்றார். முகத்தில் ஒரு வியப்பு இருந்தது. "ஆனா இந்தத் தடவை கொஞ்சம் சந்தோஷமா செய்யுங்க."

ஆர்லின் அன்றே டிரில்லை எடுத்தார். ஒவ்வொரு ரிவிட்டின் தலையையும் துளைத்து எடுக்க வேண்டும். வால் கழன்றது, இறக்கைகள் கழன்றன. வெர்னா கராஜ் வாசலில் வந்து நின்று பார்த்தாள். உள்ளே போய்ப் பெட்டியில் துணி அடுக்கினாள். அடுத்த நாள் தலையணையை இடுப்புக்கு அண்டக் கொடுத்துக்கொண்டு, மகள் ஓட்டிய காரில் ஏரியைச் சுற்றிப் புறப்பட்டாள்.

"இன்னும் ஒரு குளிர்காலம் பொறுத்துக்கோயேன்," என்றார் ஆர்லின்.

"லோயிஸ்கிட்ட சொல்லிப் பாரு, அவ பொறுப்பாளான்னு," என்றாள் வெர்னா. கார் கண்ணாடி ஏறிவிட்டது.

விதிப்படி, விமானம் பிரிக்கப்பட்டதை ஆர்லின் முந்தின நாளே அலுவலகத்துக்குத் தெரிவித்திருந்தார். கார் போன கையோடு கால்டர்வுட் வந்து, சுவரோரம் அடுக்கியிருந்த தகடுகளை எண்ணிக் குறித்துக்கொண்டார்.

"எல்லாம் ஒழுங்கா இருக்கு. ஒரே ஒரு சின்ன விஷயம். நம்ம பதிவுப்படி இந்தப் பாகங்களைச் செஞ்சது மிஸ்டர் குபிசெக். சந்தோஷமா வேற செஞ்சிருக்காரு. இன்னொருத்தர் செஞ்ச பாகங்களைச் சேர்த்துப் பூட்டினா நீங்க செஞ்சவர் ஆக முடியாதே? பாதிக்கு மேல சொந்தமா செஞ்சிருக்கணுமே?"

"அன்னிக்கு நீங்கதானே சார் சொன்னீங்க, கூடாதுன்னு எங்கயும் இல்லைன்னு?"

"பிரிக்கக் கூடாதுன்னு இல்ல. செய்யவும் கூடாதுன்னு இல்ல. அப்படிச் செஞ்சா செஞ்சதாகும்னு நான் சொல்லலையே." போகும்போது வாசலில் திரும்பினார். "பாவம், குபிசெக்குக்குத்தான் கஷ்டம். அவர் சான்றிதழ் இந்த ஒரு விமானத்துக்கு மட்டும் குடுத்தது. விமானமே இல்லைன்னா சான்றிதழும் இல்ல. சான்றிதழ் இல்லாதவர் ஆலோசகரா எப்படி இருக்க முடியும்? கோட்டைத் திருப்பி வாங்கிட்டோம். நல்ல மனுஷன். ரொம்ப சந்தோஷமான ஆளு."

அன்று சாயங்காலமே டுவேன் வந்து சேர்ந்தார். கோட்டு இல்லாமல் ஆள் பாதியாகத் தெரிந்தார். கராஜ் வாசலில் நின்று தரையில் கிடந்த தகடுகளைப் பார்த்தார்.

"என்ன காரியம்டா பண்ணிட்ட?" என்றார். "முதுகுல குத்திட்டியேடா! எத்தனை வருஷத்து சிநேகம்! எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாது?"

ஆர்லின் டிரில்லை நிறுத்தவில்லை. இனி எதற்காகப் பிரிக்கிறோம் என்று அவருக்கே தெரியாது.

"நாம நண்பர்கள் இல்லைன்னு எழுதிக் கொடுன்னு சொன்னவன் நீ," என்றார்.

"அது படிவத்துக்குடா! படிவத்துக்குச் சொன்னதையெல்லாம் மனசுல வெச்சுக்குவாங்களா?"

சுவரில் மாட்டியிருந்த தொலைபேசி அடித்தது. வெர்னா. ஆர்லின் டிரில்லைக் கீழே வைத்துவிட்டு எடுத்தார்.

"போய்ச் சேர்ந்துட்டியா? லோயிஸைப் பார்த்தியா?"

"பார்த்தேன்." கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு மூச்சு. "நல்லா பேசினா. என் கையைப் பிடிச்சுக்கிட்டா. அப்புறம் நர்ஸைக் கூப்பிட்டு, 'யாரோ ஒரு அம்மா பாவம் ரொம்ப தூரத்துல இருந்து வந்திருக்காங்க, காபி கொடுங்க'ன்னு சொன்னா."

  ஆர்லின் தொலைபேசியை வைத்தார்.

"வெர்னாவா?" என்றார் டுவேன். "லோயிஸ் எப்படி இருக்காங்களாம்? பார்த்ததுல சந்தோஷப்பட்டாங்களா?"

ஆர்லின் அவரை முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். பிறகு சுவரில் இருந்த பொத்தானை அழுத்தினார். கராஜ் கதவு மேலிருந்து இறங்க ஆரம்பித்தது. அது மெதுவான கதவு. டுவேன் பேசிக்கொண்டே குனிந்தார். நம்பிக்கைத் துரோகம் என்றார், இன்னும் குனிந்தார். உன்னை என் கூடப் பிறந்தவனாக நினைத்தேன் என்றார், முட்டி போட்டார். என் கோட்டைப் பறித்துவிட்டாயே என்றபோது கன்னம் தரையைத் தொட்டது. கதவு பூமியில் உட்கார்ந்தது.

ஆர்லின் டிரில்லை எடுத்து, அடுத்த ரிவிட்டின் நடுவில் நுனியைச் சரியாக வைத்தார். கதவுக்கு வெளியே இன்னும் பேச்சு கேட்டுக்கொண்டிருந்தது. அவர் அழுத்தினார்.